தொண்ணூறு கிலோ

இரவு மணி ஒன்பது ஐம்பது. கல்குவாரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் பாதை. மூன்று கிலோமீட்டர்... ஒரு விளக்கு கிடையாது, ஒரு வீடு கிடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கல்தூசி படிந்த புதர்கள். அந்தப் பாதையில் ஒருவன் நடந்து வருகிறான். தனியாகத்தான் வருகிறான். ஆனால் செருப்புச் சத்தம் இரண்டு பேருடையதாகக் கேட்கிறது.

இருங்கள், அவசரப்பட்டுக் கடைசியைச் சொல்லிவிட்டேன். முதலிலிருந்து வருகிறேன். கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். பயமுறுத்தவில்லை, காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துவிடும், அவ்வளவுதான். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை என்ன செய்யப் போகிறோம்?

என் வேலை உங்களுக்குத் தெரியும். லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடை மேடைகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைத்துக் கொடுப்பது. இருபது வருடமாக இதே பிழைப்பு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். எடைக்கல்லைத் தவிர எதையும் நம்பியதில்லை. அதனால்தான் இந்தக் கதை என்னைப் படுத்துகிறது. ஏனென்றால் இதில் பேயை யாரும் பார்க்கவில்லை... எடைதான் போட்டார்கள்.

நடந்தது என் சகலைக்கு. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். குவாரியின் வாசலில் இருக்கும் எடை மேடையில் அவனுக்கு வேலை. மேடை என்றால் தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புப் பலகை. அதன் மேல் லாரி வந்து நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர். லாரியின் எடை திரையில் தெரியும். டிரைவர் பார்ப்பதற்காக அறைக்கு வெளியே சுவரிலும் பெரிய சிவப்பு எண்களில் அதே எடை ஓடும்.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் மேலே, கல் உடைக்கும் கிரஷருக்குப் பக்கத்தில் இன்னொரு எடை மேடை. அதில் உட்கார்ந்திருந்தவன் அவனுடைய உயிர் நண்பன். எல்லோரும் அவனை ‘டன்’ என்று கூப்பிடுவார்கள். ஆள் தொண்ணூறு கிலோ. டன்னுக்கு இன்னும் எவ்வளவோ பாக்கி, ஆனாலும் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

டன்னுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். தூக்கம். நாலரை மணிக்கு மேல் லாரி குறைந்துவிடும். நாற்காலியில் அப்படியே சாய்வான். குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. மூன்று இழுப்பு... அப்புறம் டிப்பர் லாரி பிரேக்கில் காற்று இறங்குமே, அது போல நீளமாக ஒரு ‘உஸ்ஸ்ஸ்’. என் சகலை அதை எனக்குச் செய்து காட்டியிருக்கிறான். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

ஆனால் டன் ஏமாந்த தூங்குமூஞ்சி இல்லை. நடுவில் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து திரையின் மூலையில் மணி பார்ப்பான். நேரம் இருந்தால் மறுபடி தூக்கம். ஐந்தே முக்கால் ஆனால் சட்டென்று எழுந்து, இன்டர்காமில் கீழே கூப்பிட்டு, “வர்றேன்டா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கி வருவான். ஆறு மணிக்கு வாசலிலிருந்து வேன் கிளம்பும். யாருக்கும் நிற்காது. ஆறு வருடத்தில் டன் ஒரு நாள்கூட அந்த வேனை விட்டதில்லை.

வேனுக்கு வர வேண்டுமென்றால் கீழ் மேடையைத் தாண்டித்தான் வர வேண்டும். இடது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பான். சரக்... டங். சரக்... டங். இரும்புப் பலகை அதிரும். உள்ளே திரையில் தொண்ணூறு என்று விழும். பெரிய மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும். என் சகலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “காலையிலயும் தொண்ணூறு, இப்பவும் தொண்ணூறு. நாள் பூரா என்னத்தடா உழைச்ச?” என்று கத்துவான். தினமும் இதே ஜோக். தினமும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இவர்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஒருவன் கம்ப்யூட்டரில் இன்னொருவன் குறும்பு செய்வது. மவுஸுக்கு அடியில் காகிதத்தை ஒட்டி வைப்பது, திரையைத் தலைகீழாகத் திருப்பி விடுவது, எந்தப் பொத்தானைத் தட்டினாலும் பூனை கத்துகிற மாதிரி செய்து வைப்பது... யாருக்கும் கெடுதல் இல்லாத சேட்டைகள். அதற்கும் சட்டம் வைத்திருந்தார்கள். ஒன்று, எடையில் கை வைக்கக் கூடாது. இரண்டு, முறை மாறி மாறித்தான் செய்ய வேண்டும். மூன்று, செய்தவனே ஆறு மணிக்குள் சரி செய்துவிட வேண்டும்.

அன்றைக்கு என் சகலையின் முறை. கிரஷர் பழுது, காலையிலிருந்து ஓடவில்லை. மலையே ஊமையாகிவிட்ட மாதிரி இருந்தது. மேலே லாரியே போகவில்லை. இவன் நாலரைக்கு மேலே நடந்து போனான். டன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். திரையை அப்படியே படம் பிடித்தான். அந்தப் படத்தையே திரை முழுவதும் ஒட்டினான். உண்மையானதையெல்லாம் பின்னால் ஒளித்து வைத்தான். பார்த்தால் எல்லாம் இருக்கும், ஆனால் வெறும் படம். எதைத் தட்டினாலும் திறக்காது. மூலையில் இருக்கும் கடிகாரமும் படம்தான். நாலு ஐம்பது. அது நாலு ஐம்பதிலேயே நிற்கும்.

அந்த அறையில் வேறு கடிகாரம் இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் கல்தூசி எப்போதோ தின்றுவிட்டது. வெடி வைக்கிற இடம் என்பதால் கைபேசியை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஜன்னல் கண்ணாடியோ தூசியேறிச் சுவர் மாதிரி இருக்கும். உள்ளே பகலும் ட்யூப் லைட், இரவும் ட்யூப் லைட்.

இவன் சிரித்துக்கொண்டே கீழே வந்தான். வந்ததும் வாட்ச்மேன் ஓடி வந்தான்.

“சார், வீட்லேர்ந்து போன். பாப்பா கீழ விழுந்துட்டாளாம். தாடை கிழிஞ்சு ரத்தமாம்.”

அவ்வளவுதான். வெளியே போகும் டிப்பரில் தொற்றி ஏறிவிட்டான். ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு நாலு தையல் போட்டார்கள். அவள் அழுது ஓய்ந்து மடியில் தூங்கிய பிறகுதான் இவனுக்கு டன் ஞாபகம் வந்தது. மணி பார்த்தான். ஐந்தே முக்கால். கையில் போன் இருந்தது. வாட்ச்மேன் நம்பரும் அதில் இருந்தது. ‘மேலே போய் அவனை எழுப்பி விடு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. வேனை விட்டுவிட்டு டன் முழிக்கப் போகிற முழியை நினைத்தான்... சிரிப்பு வந்தது. நாளைக்கு வைத்துச் சிரிக்கலாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வேன்காரன், இவன் முன்பே போய்விட்டதால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போயிருப்பார்கள் என்று கிளம்பிவிட்டான். ஏழரைக்கு மேல், கிரஷருக்கு மோட்டார் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மேலே போனது. ஒரு பக்க விளக்கு எரியவில்லை. எதற்கோ கதவைத் திறந்து இருட்டைப் பார்த்திருப்பான் போல, டன் பாதையின் நடுவில், கிட்டத்தட்ட ஓடி வந்துகொண்டிருந்தான். கீழ் மேடைக்குப் பத்தடி இருக்கும்போது... சரி, அதை விடுங்கள்.

மேடையை அவன் தாண்டவில்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தூங்கியே செத்தான் என்றார்கள். மேனேஜர் எழுத்திலேயே எழுதிவிட்டார், வேலை நேரத்தில் உறங்கியதால் என்று. என் சகலை சாவு வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். டன்னின் மனைவி அவனிடம் வந்தாள். அழவில்லை. அழுது முடித்த குரல்.

“அண்ணா... அவர் எவ்ளோ தூங்கினாலும் ஆறு மணி வேனை விடமாட்டாரே. அன்னைக்கு மட்டும் ஏன்ணா அங்கேயே இருந்தாரு? உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கண்ணா.”

இவன் தரையைப் பார்த்தான்.

“ஒரு கனவுலகூட வரமாட்டேங்கிறாரு. எங்க போயிட்டாருன்னே தெரியல.”

அப்போதும் இவன் சொல்லவில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது எனக்கு இவன் மேல் இரக்கம் வரவில்லை. ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனான். மேலே இருந்த அறையைப் பூட்டி, மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார்கள். எல்லா லாரியும் இவனுடைய மேடைக்கே வந்தது. முதல் நாள் மாலை, ஐந்தே முக்காலுக்கு இன்டர்காம் அடித்தது.

அந்த இன்டர்காமுக்கு இரண்டே முனைதான். இங்கே ஒன்று, மேலே பூட்டிய அறையில் ஒன்று.

எடுத்தான். முதலில் இரைச்சல்... அப்புறம் மூன்று இழுப்பு. உஸ்ஸ்ஸ். மறுபடி மூன்று இழுப்பு. உஸ்ஸ்ஸ். நாற்காலி கிறீச்சென்றது. வாய்க்குள்ளேயே, தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

“இன்னும் அஞ்சுகூட ஆகலையேடா...”

கை தானாகவே போனை வைத்துவிட்டது. மறுநாளும் அதே நேரம், அதே குறட்டை, அதே வார்த்தை. மூன்றாம் நாள் மணி அடித்தபோது இவன் எடுக்கவில்லை. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்க அடிக்க இவனுக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. சேட்டையைச் செய்தவன் இன்னும் சரி செய்யவில்லை. அங்கே மணி இன்னும் நாலு ஐம்பது. டன் கண்ணைத் திறந்து பார்க்கிறான், நேரம் இருக்கிறது என்று மறுபடி தூங்குகிறான். இத்தனை நாளாக.

நாலாம் நாள் பழைய ரசீதுகள் வேண்டும் என்று ஏதோ சாக்குச் சொல்லி மேனேஜரிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனான். நல்ல வெயில். மணி நாலரை. சுவிட்சை ஏற்றிக் கதவைத் திறந்தான். கல்தூசி வாடை, அணைந்துபோன கொசுவர்த்தி வாடை, அதற்கு மேல் டன்னின் தலை எண்ணெய் வாடை. பதினான்கு நாள் பூட்டியிருந்த அறையில் எண்ணெய் வாடை மட்டும் புதிதாக இருந்தது. மேஜை, கீபோர்டு, ஜன்னல் எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி.

நாற்காலி மேல் மட்டும் தூசி இல்லை.

இவன் அதில் உட்காரவில்லை. நின்றபடியே கம்ப்யூட்டரைப் போட்டான். படம் வந்தது. நாலு ஐம்பது. ஒவ்வொன்றாகச் சரி செய்தான். ஒட்டிய படத்தை எடுத்தான், ஒளித்ததை வெளியே கொண்டு வந்தான். மூலையில் உண்மையான கடிகாரம் தெரிந்தது. நாலு நாற்பத்தெட்டு... நாற்பத்தொன்பது... ஐம்பது. அங்கே நின்றுவிடுமோ என்று இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஐம்பத்தொன்று ஆனது.

“எந்திரிடா. மணியாச்சு” என்றான்.

பின்னால் நாற்காலி கிறீச்சென்றது.

திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். கதவைப் பூட்டவில்லை. பாதையில் ஜல்லி நெரிபடும் சத்தம். இவன் நின்றால் அதுவும் நின்றது. சரக்... சரக்... இடது செருப்பு தேய்ந்தது. கீழே வந்து தன் அறைக்குள் நுழைந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். மேடையில் லாரி எதுவும் இல்லை. பூஜ்யம். ஒன்றிரண்டு லாரிகள் வந்தன, போட்டு அனுப்பினான். ஐந்தே முக்கால் ஆனது. இன்டர்காம் அடிக்கவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வெளியே இரும்புப் பலகை அதிர்ந்தது. டங்.

திரையில் தொண்ணூறு.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். மேடையில் ஒன்றும் இல்லை, மாலை வெயில் மட்டும். திரையில் தொண்ணூறு. நண்பன் தாண்டிப் போகிறான், போகட்டும் என்று காத்திருந்தான். எண் மாறவில்லை. தொண்ணூறு. வழக்கமான ஜோக்கைச் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. அழுகைதான் வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான். பதினான்கு நாளாகத் தூங்காத ஆள்... அழுகையோடு அழுகையாகக் கண் சொருகிவிட்டது.

நடுவில் ஒரு கண்ணைத் திறந்து மணி பார்த்தானாம். ஐந்து ஐம்பத்திரண்டு. வேனுக்கு நேரம் இருக்கிறது. மறுபடி தலை சாய்ந்தது. இன்னொரு முறை பார்த்தான். ஐந்து ஐம்பத்திரண்டு.

யாரோ தடியால் ஜன்னலைத் தட்டினார்கள். ராத்திரி வாட்ச்மேன்.

“சார், இன்னும் வீட்டுக்குப் போகலையா? மணி ஒன்பதரை ஆகுது. வேன் எப்பவோ போயிடுச்சே.”

வெளியே கும்மிருட்டு. திரையில் ஐந்து ஐம்பத்திரண்டு. எடை தொண்ணூறு. மவுஸை நகர்த்தினான், கடிகாரத்தைத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை. எடையைத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை.

படம். யாரோ திரையைப் படம் பிடித்து, அதையே ஒட்டி வைத்திருந்தார்கள்.

முறை மாறி மாறித்தானே? அடுத்த முறை டன்னுடையது.

வாட்ச்மேன் தன் பாட்டுக்கு வாசலுக்குப் போய்விட்டான். இவன் அந்தப் படத்தை எடுத்தான். பின்னால் ஒளிந்திருந்த உண்மையான திரை வந்தது. மணி ஒன்பது முப்பத்தொன்று.

எடை... தொண்ணூறு.

டன் கிட்டத்தட்ட நாலு மணி நேரமாக அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான். ஆறு வருடமும் வேனுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதானே போவார்கள்? அதற்காக நிற்கிறான்.

வாசலுக்குப் போக மேடையைத் தாண்ட வேண்டும், வேறு வழி இல்லை. இவன் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தான். சுவரில் சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது. தொண்ணூறு. இவனுடைய எடை எழுபது. பலகையில் கால் வைத்தான். இன்னொரு காலையும் வைத்தான்.

நூற்று அறுபது.

அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நின்றபடி, காற்றைப் பார்த்துச் சொன்னான்.

“நான்தான்டா பண்ணேன். போன் கையிலதான் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டு விட்டுட்டேன்... வாடா, வீட்டுக்குப் போலாம். உன் பொண்டாட்டிகிட்ட நானே சொல்றேன்.”

நடந்து கீழே இறங்கினான். இறங்கித் திரும்பிப் பார்த்தான். சிவப்பு எண் தொண்ணூறுக்குப் போகவில்லை. நூற்று அறுபதிலிருந்து நேரே பூஜ்யத்துக்குப் போயிருந்தது.

போன மாதம் அந்த மேடையைச் சோதித்தது நான்தான். மூலைக்கு மூலை எடைக்கல் வைத்துப் பார்த்தேன். பிழை இல்லை. நானே முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பாதை. மூன்று கிலோமீட்டர். இவன் செருப்பு ஒன்று... பக்கத்தில் தேய்கிற செருப்பு ஒன்று. மெயின் ரோட்டு முனையில் முதல் வீடு டன்னுடையது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். நிலைப்படியில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். படம், நாலு ஐம்பது, ஆஸ்பத்திரி, கையில் இருந்த போன். ஒன்றையும் விடவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள்.

“அப்ப அவர் தப்பு இல்லை” என்றாள்.

“இல்லம்மா. என் தப்பு. நாளைக்கே மேனேஜர்கிட்டயும் எழுதிக் குடுத்துடுறேன்.”

“குடுங்க. இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க.”

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அவள் சொன்னது நியாயம்தான் என்று என் சகலையே என்னிடம் சொன்னான். படியிறங்கித் தெருவுக்கு வந்தான். நின்று பார்த்தான். பின்னால் செருப்புச் சத்தம் இல்லை. அப்பாடா என்று நாலடி எடுத்து வைத்திருப்பான்...

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து, மெதுவாக, மூன்று இழுப்பு. அப்புறம் நீளமாக... உஸ்ஸ்ஸ்.

அவள் கத்துவாள் என்று இவன் காத்திருந்தான். அவள் கத்தவில்லை. உள்ளே காலடிச் சத்தம் கேட்டது, தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் பார்த்துப் பார்த்து வைக்கிற காலடி. அப்புறம் விளக்கை அணைத்தாள்.